சரிவின் அடியில் நிற்கும் அம்மாவுக்கு எந்தக் கேம்கார்டர்?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஜூலை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் லெசோத்தோவுக்குப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகிறோம். மூத்தவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 8. எனக்குச் சறுக்கத் தெரியாது, கீழே நின்று படம் எடுப்பேன். போன வருஷம் போனில் எடுத்ததில் பிள்ளைகள் எறும்பு மாதிரி இருக்கிறார்கள். கடைக்காரர் ஆக்‌ஷன் கேமரா வாங்கச் சொல்கிறார். ஆன்லைனில் '4கே, 48 மெகாபிக்சல்' கேம்கார்டர் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்து ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறான். தைப்பூசக் காவடி, மாமியாரின் 80ஆவது பிறந்தநாள், வீட்டுக் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே உதவ வேண்டும். 7,000 ராண்டுக்கு மேல் முடியாது. எதை வாங்கலாம்?"

அம்மா, "கீழே நின்று படம் எடுப்பேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் பதில் முழுக்க அந்த வரியிலிருந்துதான் வருகிறது. கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள். எங்கே நின்று எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் யோசித்தால் கடையில் இருப்பதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்னவளின் உயரம் ஒன்றேகால் மீட்டர் என்று வையுங்கள். நீங்கள் சரிவின் அடியில் நிற்கிறீர்கள், அவள் 150 மீட்டர் மேலே கிளம்புகிறாள். போனின் சாதாரண லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 117 மீட்டர் உயரமுள்ள காட்சியை ஃபிரேமுக்குள் அடக்கிவிடும். அதில் ஒன்றேகால் மீட்டர் பிள்ளை நூற்றில் ஒரு பங்கு. 4கே படத்தில் மேலிருந்து கீழே 2160 கோடுகள் உண்டு. உங்கள் மகளுக்குக் கிடைப்பது 23 கோடு. அதைப் பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கினாலும் அந்த 23 கோட்டுக்குள் முகம் வராது. எறும்பாகத் தெரிந்தது உங்கள் கைப்பழுது இல்லை.

அதே இடத்தில் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குவது) உள்ள சாதாரணக் கேம்கார்டரை முழுக்க இழுத்தால் ஃபிரேமின் உயரம் நாலு மீட்டருக்குள் வந்துவிடும். பிள்ளை ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கு நிறைவாள். 50 மடங்கு என்றால் பாதிக்கு மேல். ஹெல்மெட்டுக்குக் கீழே சிரிக்கிறாளா, பயந்து பல்லைக் கடிக்கிறாளா என்று தெரியும். அதற்குத்தானே அம்மா இவ்வளவு தூரம் போகிறீர்கள்!

இப்போது கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். கோப்ரோ, டிஜெஐ ஆக்‌ஷன் வகையெல்லாம் நல்ல கருவிகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை சறுக்குகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்ளச் செய்தவை. லென்ஸ் மிக அகலமானது, ஆப்டிகல் ஜூம் கிடையாது. நீங்கள் கீழே நின்று அதைக் கையில் பிடித்தால் போனைவிடவும் மோசமாக, பிள்ளை இன்னும் சின்னதாகத் தெரிவாள். மகனின் ஹெல்மெட்டில் மாட்டினால் பனியும் அவன் பலகை நுனியும் வேகமாக ஓடி வரும், பார்க்க நன்றாக இருக்கும், அவன் முகம் மட்டும் இருக்காது. பிள்ளைகள் பெரியவர்களாகி, தாங்களே அதைக் கேட்கும்போது வாங்கிக் கொடுங்கள்.

அந்த மலிவு "4கே கேம்கார்டர்" விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வாங்காதீர்கள். பார்க்கக் கேம்கார்டர் மாதிரியே இருக்கும், மைக், ஹூட், ரிமோட் எல்லாம் பெட்டியில் வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஃபோகஸ்கூட மாறாத சின்ன லென்ஸ். "16 மடங்கு டிஜிட்டல் ஜூம்" என்பார்கள். டிஜிட்டல் ஜூம் என்றால் எடுத்த படத்தையே வெட்டி ஊதிக் காட்டுவது. அந்த 23 கோட்டை ஊதுவதுதான். 48 மெகாபிக்சலும் பல நேரம் இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பியது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. லென்ஸின் முன்வளையத்திலோ விவரக் குறிப்பிலோ மில்லிமீட்டர் எண்ணைத் தேடுங்கள். சோனி சிஎக்ஸ்405 மாடலில் 1.9–57 என்று இருக்கும். 57ஐ 1.9ஆல் வகுத்தால் 30. அதுதான் நிஜமான ஜூம். ஒரே ஒரு எண் இருந்தால் ஆப்டிகல் ஜூம் இல்லை என்று அர்த்தம். எண்ணே போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

தம்பியின் அன்பு பெரிது, ஆனால் அமெரிக்க மாடலில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே விற்கும் கேமரா நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம், எடுப்பதால் அதோடு ஒத்துப்போகும். அமெரிக்க மாடல் 30 அல்லது 60. அந்த இரண்டும் பொருந்தாமல் கல்யாண ஹாலில் வெளிச்சம் துடிப்பதுபோல, பட்டை பட்டையாக ஓடுவதுபோலப் பதிவாகும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மலிவு மாடல்கள் பலவற்றில் ஷட்டரைக் கையால் மாற்ற முடியாது. வெயிலில் பனியை எடுக்க ஒரு கஷ்டமும் இல்லை. உங்களுக்கோ ஹாலும் வேண்டும். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். செருகினால் வேலை செய்கிறதே என்று நினைக்கிறார்கள். போதாததற்கு இங்கே வாரண்டியும் கிடைக்காது. தம்பியை ஒரு நல்ல மெமரி கார்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

சரி, எதை வாங்குவது?

கையடக்கக் கேம்கார்டர் செய்கிற கம்பெனிகள் இப்போது குறைந்துவிட்டன, போன் அந்தச் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது. அதனால் புதிதாகக் கிடைத்தால் புதிது, இல்லாவிட்டால் நல்ல நிலையில் பழையது என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். என் முதல் தேர்வு பானசோனிக் எச்சி-வி180. 50 மடங்கு ஆப்டிகல் ஜூம், கை ஆட்டத்தை அடக்கும் வசதி, எடை குறைவு. அது அமையாவிட்டால் சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405, 30 மடங்கு. மூன்றாவதாக கேனன் லெக்ரியா எச்எஃப் ஆர்806, 32 மடங்கு. இதில் வெளி மைக் செருக இடம் உண்டு, கல்யாண வீட்டில் அது பெரிய உதவி. மூன்றுமே 4கே இல்லை, முழு எச்டி. உங்கள் வீட்டு டிவியில் நன்றாகத் தெளிவாகத் தெரியும்.

கை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 30 மடங்கில் உங்கள் மூச்சுகூட படத்தை ஆட்டும். லென்ஸே அசைந்து ஈடுசெய்கிற ஆப்டிகல் வகை நிலைப்படுத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் உண்டு. இருந்தாலும் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள், அல்லது ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7,000 ராண்டில் கேமராவுக்கு 5,500க்கு மேல் போகாதீர்கள். மீதி இன்னொரு பேட்டரிக்கும், 64 ஜிபி கார்டுக்கும், பைக்கும். வி180 உச்சத் தரத்தில் நொடிக்கு 28 மெகாபிட் எழுதும், மணிக்குப் பன்னிரண்டரை ஜிபி சொச்சம். 64 ஜிபியில் 5 மணி நேரம் அடங்கும்.

பழையது வாங்கினால் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும் மாடலைத் தொடாதீர்கள். மற்றவர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனை, சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப்படலத்தில் மிதந்துகொண்டிருக்கும். உயரமான இடத்தில் காற்று மெலிந்தால் அந்த மிதப்பு கெடும். இப்படிப்பட்ட சில கேம்கார்டர்களின் கையேட்டிலேயே 3,000 மீட்டருக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டிருக்கிறது. லெசோத்தோவின் மலூட்டி மலையில் நீங்கள் போகிற ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளமே 3,000 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. டர்பனில் அருமையாக ஓடிய கேமரா அங்கே போய் நின்றுவிடலாம். எஸ்டி கார்டில் பதிகிற மாடலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வாங்குமுன் ஜூமை முழுக்க இழுத்துத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரை அரை நிமிஷம் எடுத்துப் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் புள்ளி தெரியும். பனியில் அதே புள்ளி உங்களைப் பாடாய்ப் படுத்தும். கடையில் வாங்கினால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்த்தோ மாற்றியோ பணத்தைத் திருப்பியோ தரச் சொல்லிக் கேட்கலாம். முன்கூட்டியே எடுத்துச் சொல்லி விற்ற குறைக்கு அது செல்லாது. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆன்லைன் கடையில் வாங்கினால் பெரும்பாலும் 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்ப உரிமை உண்டு, அனுப்பும் செலவு உங்களுடையது.

அப்புறம், மலையில். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யும். எதிரே முழுக்க வெள்ளை என்றால் 'அதிக வெளிச்சம்' என்று குறைத்துவிடும். பனி அழுக்குச் சாம்பலாகவும் பிள்ளைகளின் முகம் கறுத்தும் வரும். நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். மெனுவில் 'ஸ்னோ' என்ற காட்சி முறை இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மெனுவில் +1 முதல் +1.5 வரை கூட்டுங்கள். பனி கொஞ்சம் அளவுக்கு மீறி வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும். இந்த விலைக் கேமராக்களில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்காது, வெயிலில் திரை மங்கலாகத் தெரியும். கறுப்பு அட்டையை மடித்துத் திரையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். கையுறை போட்ட விரலுக்கு ஜூம் நெம்பு எட்டும், தொடுதிரை கேட்காது. அதனால் மாற்ற வேண்டியதையெல்லாம் அறையிலேயே மாற்றிவிட்டு வாருங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டாவது பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். முதலாவது தீர்ந்ததாகக் காட்டினால் தூக்கிப் போடாமல் அதையும் உள்ளே வையுங்கள், சூடேறினால் இன்னும் சில நிமிஷம் ஓடும்.

இன்னொன்று, என் அனுபவம். முதன்முதலாகப் பனிக்குப் போனபோது காலை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, கேமராவோடு நேரே காப்பி குடிக்க உள்ளே போய்விட்டேன். அறைச் சூட்டில் ஈரமெல்லாம் வந்து லென்ஸில் படிந்தது. வெளிக்கண்ணாடியைத் துடைத்தேன், உள்ளே இருந்த மூட்டத்தை என்ன செய்ய? மத்தியானம் அண்ணன் மகள் முதல் தடவையாக விழாமல் கீழே வந்தாள், என்னிடம் இருப்பது பாலாடை போர்த்தியது போன்ற ஒரு வெண்மையும் அவள் கத்திய குரலும்தான். உள்ளே போகுமுன், குளிரிலேயே, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும். கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, திறக்காதீர்கள்.

வீட்டு விசேஷங்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பகல் காவடி ஊர்வலத்துக்கு இந்தக் கேம்கார்டர் பிரமாதம். கூட்டத்துக்குப் பின்னால் நின்றே காவடி எடுப்பவரின் முகத்தைப் பிடிக்கலாம். இருட்டில் அப்படி இல்லை. இவற்றின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு, மிகச் சிறியது, சோனியும் பானசோனிக்கும் 1/5.8 அங்குல வகை. வெயிலில் தெரியாத குறை, விளக்கு வெளிச்சத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும். கருவறைத் தீபாராதனைக்கும் ராத்திரிப் பூமிதிக்கும் உங்கள் போனை எடுங்கள், அதுவே மேல். மேளம், உறுமிக்குப் பக்கத்தில் நின்றால் சத்தம் உடையும், பத்தடி தள்ளி நில்லுங்கள். மாமியாரின் பிறந்தநாளில் அவரை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ உட்காரவைத்து, கேமராவைப் பக்கத்து மேசையில் வைத்துப் பேசவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் குரல் தெளிவாக விழும்.

மே மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் டர்பன் நார்த் பீச்சில் கடலுக்குள் நீளும் பாலத்துக்குப் போய், அலையில் சறுக்குகிறவர்களை எடுங்கள். தூரத்தில் வேகமாக வருகிற ஆள், சுற்றிலும் வெள்ளை நுரை, கண்ணைக் கூசும் வெயில். மலையில் இருக்கப் போகிற எல்லாமே அங்கே இருக்கிறது, குளிரைத் தவிர. முழு ஜூமில் ஆளைத் தேடிப் பிடிக்க முதலில் திணறுவீர்கள். ஜூமைக் குறைத்து ஆளைப் பிடித்து, பிறகு மெல்ல இழுத்து, அவர் போகிற திசையில் கொஞ்சம் இடம் விட்டுத் தொடருங்கள். இருபது தடவை செய்தால் கை பழகிவிடும்.