லண்டனில் இரண்டாவது சிசேரியன்: நாள் குறிப்பதற்கு முன்னால்

தண்டையார்பேட்டையிலிருந்து புதிதாக லண்டன் வந்திருக்கும் தங்கச்சிக்கு,

முதல் பிள்ளை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் சிசேரியன். இப்போது இரண்டாவது. 38வது வாரத்தில் நல்ல நட்சத்திரம் வருகிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடு என்கிறார் மாமியார். சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாமே என்கிறார் மிட்வைஃப் (இங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் மாதிரி). யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஊருக்குப் போன் போட்டு டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும்மா. கிடைத்தால் ஆபரேஷன் நோட்ஸும் வேண்டும். வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து இங்கே எதுவும் முடிவாகாது. உள்ளே கர்ப்பப்பையில் வெட்டு எப்படி என்பதுதான் கேள்வி. எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்குவெட்டு, சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. நெட்டுவாக்கில் வெட்டியிருந்தாலோ, இந்த முறை நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், சிசேரியன்தான்.

ஒரு சிசேரியனுக்குப் பிறகு வலிக்குக் காத்திருக்கும் நாலு பேரில் சுமார் மூணு பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து கிட்டத்தட்ட 200 பேரில் ஒருவருக்கு. அதற்காகத்தான் பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் மெஷினில் பார்ப்பார்கள். முதல் எச்சரிக்கை அநேகமாக அதில்தான் தெரியும். மருந்து வைத்து வலி வரவழைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூணு மடங்காகும். அதனால் "வலி தானாக வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கன்சல்டன்டிடம் (பெரிய டாக்டரிடம்) இப்போதே கேட்டு வை.

நாள் குறித்த சிசேரியனில் தையல் பிரியும் பயம் அநேகமாக இல்லை, அவசர ஓட்டமும் குறைவு. ஆனால் ரத்தப்போக்கு, புண்ணில் சீழ், காலில் ரத்தம் கட்டுவது எல்லாம் உண்டு. பெரிய விஷயம் அடுத்த பிள்ளை. ஒவ்வொரு சிசேரியனுக்கும், நச்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடி, பிரசவத்தில் பிரியாமல் ரத்தம் கொட்டும் ஆபத்து கூடுகிறது. மூணாவது வேண்டுமா என்று வீட்டுக்காரரோடு பேசிவிட்டு முடிவெடு. அதுதான் நட்சத்திரத்தைவிட முக்கியம் என்பேன்.

ஆபரேஷன்தான் என்றாலும், தக்க காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் இங்கே தேதி தரமாட்டார்கள். வலி வருவதற்கு முன்பே எடுத்தால் பிள்ளையின் நுரையீரலில் நீர் சரியாக வற்றாமல் மூச்சு இரைக்கலாம். 38ல் அது இன்னும் அதிகம். தேதி ஆஸ்பத்திரி சொல்வதுதான், நேரத்துக்கும் உத்தரவாதமில்லை: காலையில் அவசர கேஸ் வந்தால் உன் முறை தள்ளிப்போகும். பத்தில் ஒருவருக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடும், ஆகவே பையை முன்கூட்டியே கட்டிவை. மூத்தவனை நடுராத்திரியில் யாரிடம் விடுவது என்பதையும் பேசி வை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கலாம். பிள்ளை சில நிமிஷங்களில் வந்துவிடும், தையலுக்குத்தான் நேரம். வாயு பிரியட்டும் என்று பட்டினி போடாமல் சில மணி நேரத்தில் டோஸ்ட் தருவார்கள், சாப்பிடு. எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு நாளில் வீடு. ரத்தம் கட்டாமலிருக்கப் பலருக்கு வயிற்றில் போடும் ஊசியும், போட்டு முடித்த ஊசியைப் பத்திரமாகப் போட்டுவைக்க மஞ்சள் டப்பாவும் கையில் கொடுத்தனுப்புவார்கள். வழக்கமாகப் பத்து நாள், நீயே போட்டுக்கொள்ள வேண்டும். புண்ணில் மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். கழுவி, ஒற்றி, உலர விடு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மருத்துவ ஆலோசனை எண் 111க்கு உடனே பேசு. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆம்புலன்ஸுக்கு 999தான்.

அம்மாவை வரவழைப்பதானால் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூணு மாசம் முன்பே போடலாம். 37வது வாரத்திலேயே வந்து இறங்குவதுபோல் டிக்கெட் எடு.