தொடர்மாடி வீட்டுக்கு மலிவு விலை ரிசீவர் போதுமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டு வரவேற்பறையில் 5.1 ஒலியமைப்புக்கு (ஐந்து ஒலிபெருக்கிகளும் தாழ் ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) யமஹா ஆர்எக்ஸ்-வி385 போன்ற ஆரம்பநிலை ரிசீவர், அதாவது ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவி, போதுமா, அதைக் கனடாவிலிருந்து சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த அளவு அறைக்குத் தாராளமாகப் போதும். வாட்ஸ் கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே சனலை (ஓர் ஒலிபெருக்கிக்கான ஒலிவழியை) 1 கிலோஹேர்ட்ஸில் 10 சதவீத ஒலிச் சிதைவு வரை இயக்கி அளந்தால் 135 வாட்ஸ் காட்டும் இதே கருவி, இரண்டு சனல்களை 20 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரை 0.09 சதவீதச் சிதைவுடன் இயக்கும்போது 70 வாட்ஸ்தான் தருகிறது என்பதால், வேறு கருவிகளோடு ஒப்பிடும்போது பின்னைய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் விற்பவை 120 வோல்ட்டுக்கானவை. அவற்றை நமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் பழுதாகிவிடும். மின்மாற்றியும் உத்தரவாதச் சிக்கலும் சேர்ந்தால் விலை இலாபம் கரைந்துபோகும் என்பதால், இங்கேயே வாங்குவதுதான் என் தெரிவு.

ஒலியை அறைக்கேற்பச் சரிப்படுத்த, ரிசீவருடன் வரும் மைக்கைக் காது உயரத்தில் வைத்து, காலி வீதி இரைச்சல் அடங்கிய நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அளவீடு செய்யுங்கள். கொழும்பு வெக்கையில் ரிசீவரை மூடிய அலுமாரிக்குள் வைக்கக் கூடாது.