கைக்குழந்தை இல்லாமல் வேலைக்குத் திரும்பும்போது

கேள்வி: 31ஆம் வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 3 ஆண்டுகளாக வேலை. "குழந்தை இல்லையே, இரண்டு வாரத்தில் வாருங்கள்" என்கிறார் மனிதவள அதிகாரி. போக வேண்டுமா?
– வாசகி, பினாங்கு

பதில்: வேண்டாம், சகோதரி. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின்படி, 22 வாரமாவது நிறைந்த பின் நடக்கும் பிரசவம், குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், பிரசவம்தான். 2023 ஜனவரி 1 முதல் அதற்குத் தொடர்ச்சியாக 98 நாள் விடுப்பு. உங்கள் உடம்பும் பெற்ற உடம்புதானே. ஓய்வு அதற்கும் வேண்டும். கர்ப்ப வாரம் குறிப்பிட்ட மருத்துவமனைக் கடிதத்தை இணைத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். முன்னதாகத் திரும்புவது உங்கள் விருப்பமாக இருந்தால் மட்டுமே. அதற்கும் முதலாளியின் சம்மதமும் மருத்துவரின் தகுதிச் சான்றும் தேவை.

தொடக்கத்தில் குறைந்த நேரமோ வீட்டிலிருந்து வேலையோ வேண்டுமானால் அதே சட்டத்தின் 60P பிரிவின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதில் தர முதலாளிக்கு 60 நாள் அவகாசம் உண்டு. விடுப்பின் கடைசி வாரத்தில் கொடுத்தால் பதில் வருமுன் வேலை தொடங்கிவிடும். ஐந்தாம் வாரத்திலேயே கொடுங்கள்.

பலரும் உடைந்துபோவது வேலையில் அல்ல, "குழந்தை எப்படி இருக்கு?" என்ற கேள்வியில்தான். நம்பிக்கையான தோழி ஒருவரை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடச் சொல்லுங்கள். முதல் நாளை வியாழனாக வைத்தால் இரண்டே நாளில் வார இறுதி. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.