மதிகேடனுக்காகப் பேசிய துறவி

அன்புள்ள ஐயா,

கடவுள் இருக்கிறார் என்று அன்செல்ம் தந்த நிரூபணத்தை கௌனிலோ என்ற கிறிஸ்தவத் துறவியே மறுத்ததாகப் படித்தேன். அவர் உள்ளுக்குள் நாத்திகரா? அவரைத் தண்டித்தார்களா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கௌனிலோ நாத்திகர் இல்லை. பிரான்சில் தூர் நகருக்குப் பக்கத்தில், லுவார் ஆற்றங்கரையில் இருந்த மார்முத்தியே மடத்துத் துறவி. 1077-78 வாக்கில் நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியாக இருந்த அன்செல்ம் எழுதிய 'புரோஸ்லோகியோன்' நூலுக்குத்தான் அவர் மறுப்பு எழுதினார்.

அன்செல்மின் வாதம் இது. கடவுள் என்றால், அதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாத ஒன்று. கடவுள் இல்லை என்பவனுக்கும் இந்தச் சொல் புரிகிறது. ஆகவே அது அவன் மனதில் இருக்கிறது. மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடும். எனவே அது நிஜத்திலும் இருந்தே ஆகவேண்டும்.

'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்கிறது பைபிளில் உள்ள சங்கீதம். அன்செல்ம் வாதாடியது அந்த மதிகேடனோடு. கௌனிலோ அவன் பக்கம் நின்று எழுதினார்.

பலரும் அவருடைய தீவைத்தான் சொல்வார்கள். எல்லா நிலங்களையும்விடச் சிறந்த தீவு ஒன்று கடலில் தொலைந்திருக்கிறது. நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறது. அதனாலேயே அந்தத் தீவு உண்டு என்று ஒப்புக்கொள்வீர்களா? சரி, நல்ல கேள்விதான். ஆனால் அவருடைய இன்னொரு கேள்விதான் எனக்கு ஆழமாகப் படுகிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொன்னால்கூட, மனிதன் என்றால் என்னவென்று தெரிந்திருப்பதால் ஓரளவு நினைத்துப் பார்க்கிறோம். கடவுளுக்கு அப்படி ஒப்பிட எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது காதில் விழுந்த சொல் மட்டும். சொல் புரிந்துவிட்டால் பொருளே மனதுக்குள் வந்துவிட்டதாகுமா? கடவுள் நம் பிடிக்குள் அடங்குபவரல்ல என்று மனதார நம்பிய ஒருவரிடமிருந்து வரும் கேள்வி இது என்றே நினைக்கிறேன்.

அன்செல்ம் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாதம் அந்த ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும், வேறெதற்காவது பொருத்திக் காட்டினால் தொலைந்த தீவைக் கண்டுபிடித்து, இனித் தொலையாதபடி கொடுக்கிறேன் என்றார். பேசுவது மதிகேடனல்ல, அவனுக்காகப் பேசும் கத்தோலிக்கர். அவருக்குப் பதில் சொன்னால் போதும் என்றும் எழுதினார்.

தண்டனையைப் பற்றிக் கேட்டீர்கள். இனித் தன் நூலைப் படியெடுப்பவர்கள், கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் அதோடு சேர்த்தே எழுத வேண்டும் என்று அன்செல்ம் கேட்டுக்கொண்டார்.