ஈஸ்டருக்கு ஏன் நிலையான தேதி இல்லை? வருடா வருடம் யார் முடிவு செய்கிறார்கள்?

யாரும் வருடா வருடம் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. கணக்கு எப்போதோ போட்டு வைத்தாயிற்று; 2190-ஆம் வருட ஈஸ்டரைக்கூட இப்போதே சொல்லிவிடலாம். நீங்கள் லீவு போடவோ ரயில் டிக்கெட் எடுக்கவோதான் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன்.

"மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு" என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். விதி சரிதான். ஆனால் அந்தப் பௌர்ணமி வானத்தில் தெரிவது அல்ல, திருச்சபை அட்டவணையில் எழுதியிருப்பது. 19 வருடத்துக்கு ஒருமுறை பௌர்ணமிகள் ஏறக்குறைய அதே தேதிகளுக்குத் திரும்பிவிடும். அட்டவணை முழுக்க அந்தச் சுழற்சியின் மேல்தான் நிற்கிறது.

வருடத்தை 19-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை 19-ஆல் பெருக்கி 24-ஐக் கூட்டுங்கள். வந்ததை 30-ஆல் வகுங்கள். இப்போது கிடைக்கும் மீதி எவ்வளவோ, மார்ச் 21-லிருந்து அத்தனை நாள் தள்ளி ஏட்டுப் பௌர்ணமி. 2026-க்குப் போடுவோம்: முதல் மீதி 12. பெருக்கினால் 228, கூட்டினால் 252, மறுபடியும் மீதி 12. மார்ச் 21-லிருந்து 12 நாள் தள்ளினால் ஏப்ரல் 2, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5, அதுதான் ஈஸ்டர். இந்த 24 என்ற எண் 1900 முதல் 2199 வரைதான் செல்லும்.

சறுக்குவது இரண்டு இடத்தில். பௌர்ணமியே ஞாயிறன்று விழுந்தால் அன்று ஈஸ்டர் இல்லை, ஒரு வாரம் தள்ளிப்போகும். 2025-ல் ஏப்ரல் 13 ஞாயிறாக இருந்ததால் 20-ஆம் தேதிக்குப் போனது அப்படித்தான். இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள்: முதல் மீதி 5 அல்லது 16 என்றால் கடைசி மீதியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 1981-ல் கழிக்காமல் போட்டால் ஏப்ரல் 19 ஞாயிறன்று பௌர்ணமி, ஈஸ்டர் 26 என்று வரும். உண்மையில் கொண்டாடியது 19-ஆம் தேதி.

"2019-ல் தப்பாக வைத்துவிட்டார்கள்" என்று யாராவது கீழே வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நம் நேரப்படி மார்ச் 21 அதிகாலை மூன்றரை மணி வாக்கில் பகலும் இரவும் சமமாகும் கணம். அன்றே காலை ஏழேகால் மணி வாக்கில் பௌர்ணமி. வானத்தைப் பார்த்தால் மார்ச் 24-ல் வந்திருக்க வேண்டும். அட்டவணைப்படி ஏப்ரல் 18-தான் பௌர்ணமி, ஈஸ்டர் 21. தப்பு ஒன்றுமில்லை, வானமும் ஏடும் ஒட்டாத வருடம், அவ்வளவுதான். வானியல்படியே வைப்போம், எருசலேமைக் கணக்கின் மையமாக வைத்துக்கொள்வோம் என்று 1997-ல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய பல சபையார் யோசனை சொன்னார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை.

கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டருக்கு இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில்தான். அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அதனால் 2024-ல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 2025-ல் இருவருக்கும் ஒரே நாள்.

ஈஸ்டர் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரும். 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன் (தவக்காலம் 40 நாள்தான், ஞாயிறுகளைச் சேர்ப்பதில்லை), ஒரு வாரம் முன்னால் குருத்தோலை ஞாயிறு, 49 நாள் கழித்துப் பெந்தெகொஸ்தே.

கேட்காததையும் சொல்கிறேன், மன்னிக்கவும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் "இஷ்தார் என்ற தேவதையின் பெயர்தான் ஈஸ்டர்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றும். ஆங்கிலத்தில் ஓசை ஒத்துப்போகிறது, அதைத் தாண்டி ஒன்றுமில்லை. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாவற்றிலும் இந்தத் திருநாளின் பெயர் யூதர்களின் பாஸ்கா விழாவைக் குறிக்கும் 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லின் வழி வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் பாஸ்காவும் அதுவே. இன்னொன்று, பெரிய வெள்ளிக்கு "ஹேப்பி குட் ஃப்ரைடே" அனுப்பாதீர்கள். அது சிலுவைச் சாவின் நாள். வாழ்த்துக்கு ஞாயிறு வரை பொறுங்கள்.