மியுராவில் ‘பிரிந்த எண்ணெய்த் தொட்டி’ என்றால் என்ன?

லம்போர்கினி மியுரா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் பிரியர்கள் சந்தித்தால் தவறாமல் எழும் கேள்வி இது: “உங்கள் வண்டியில் எண்ணெய் தனித்தனியா?” இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வேறுவேறு எண்ணெய் ஓடுகிறதா என்பதே பொருள். அப்படி எண்ணெயைத் தனித்தனியாக வைக்கும் அமைப்பே ‘பிரிந்த எண்ணெய்த் தொட்டி’.

1966-இல் வந்த மியுராவில் 12 சிலிண்டர், 3.9 லிட்டர் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் கிடக்கிறது. இடம் நெருக்கடி. அதனால் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பில் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எண்ணெயை விட்டார்கள். (பிரிட்டனின் அந்தக்காலக் குட்டி மினி காரிலும் எண்ணெய் பொதுதான்!) கியர் பற்கள் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் அந்த எண்ணெயோடு கலந்து இன்ஜின் பேரிங்குகள்வரை போகலாம். தவிர, கியருக்கு ஏற்ற எண்ணெய் வேறு, இன்ஜினுக்கு ஏற்றது வேறு. மீன் பொரித்த எண்ணெயிலேயே அதிரசம் சுட்டால் எப்படியிருக்கும்? சுடலாம், ஆனால் மீன் வாசனை அதிரசத்தில் ஏறாமல் இருக்காது.

‘எஸ்வி’ என்ற வகை 1971-இல் வந்தது. எஸ்வி என்றாலே பிரிந்த தொட்டி என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பிற்கால எஸ்விகளில்தான் அது உண்டு, தொடக்கத்தில் வந்தவற்றில் எண்ணெய் பொதுவாகவே ஓடியது.