கோபுர நிழல் எந்தப் பக்கம் விழும்?

கேள்வி: நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. மூன்று வருடமாக ஒரு கற்பனை உலகத்தை எழுதி வருகிறேன். அந்த உலகத்தில் 1620இல் திருகோணமலைக்கு வந்த டேனியர் (டென்மார்க் நாட்டவர்) திரும்பிப் போகவில்லை. அதனால் போர்த்துக்கேயரால் கோணேசர் கோவிலை இடிக்க முடியவில்லை. கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் பூதங்கள் அங்கே உண்மையாகவே இருக்கின்றன, துறைமுகத்தில் வேலை செய்கின்றன. நான்கு சிறுகதைகளும், அந்த உலகத்தை விளக்கும் மூன்று கட்டுரைகளும் முடித்துவிட்டேன். வாசித்தவர்கள் "கதை வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்குது, கட்டுரை முன்னுரை மாதிரி இருக்குது" என்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்? வரலாற்றை எவ்வளவு தூரம் மாற்றலாம்? கோவிலைத் தொட்டு எழுதுவதால் யாருக்கும் மனம் நோகுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஏழு ஆக்கங்களையும் இரண்டு தடவை வாசித்தேன். முதலில் ஒரு சின்ன விடயம். இரண்டாவது கதையில், மாலை வெயிலில் கோபுரத்தின் நிழல் கடைத்தெருவில் நீண்டு விழுகிறது. அது விழாது. கோவில் நிற்கும் கோணமலை ஊருக்குக் கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாலையில் அதன் நிழல் கடலில்தான் விழும். ஊருக்குள் விழுவது காலை நிழல். அதுவும் வெயில் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். அதே கதையில் மார்கழி மாதம் ஒரு பாய்க்கப்பல் இங்கிருந்து தரங்கம்பாடிக்குச் சுகமாகப் போய்ச் சேருகிறது. மார்கழியில் வாடை வீசும். அந்தக் காற்றை எதிர்த்து வடக்கே பாய் விரிக்க எந்த மாலுமியும் விரும்பமாட்டான். தென்காற்றான சோளகம் வரட்டும் என்று காத்திருப்பான்.

இதை நுணுக்கம் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட முதற் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மாற்று வரலாற்றில் வாசகரை நம்பவைப்பது நீங்கள் மாற்றாமல் விட்ட பாதி. காற்று, நீரோட்டம், நிழல், மீன்படும் காலம், பசி, கூலி எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது என்றால் வாசகர் அந்த ஒன்றை உங்கள் கையிலிருந்து சந்தோசமாக வாங்கிக்கொள்வார். உப்புவெளியில் இருக்கிற உங்களுக்கு இந்தப் பாதி காசில்லாமல் கிடைக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

பிரிந்துபோகும் இடமாக 1620ஐ எடுத்தது நல்ல தெரிவு, மனதாரச் சொல்கிறேன். அந்த வருடம் ஓவ் கெட்டே தலைமையில் டேனியக் கப்பல்கள் வந்ததும், கண்டி அரசன் செனரத்துடன் உடன்படிக்கை செய்ததும், திருகோணமலையில் கோட்டை வேலை தொடங்கியதும் நடந்த கதை. அது நிலைக்கவில்லை. அதே வருடம் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அங்கே 1845 வரை இருந்தார்கள். சில வருடங்களில் போர்த்துக்கேயர் இங்கே வந்து கோவிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். ஆக, "இங்கே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்" என்ற கேள்விக்கு "அங்கே நின்றார்களே, என்ன நடந்தது" என்று பார்த்து எழுத உங்களுக்கு வழி இருக்கிறது. தரங்கம்பாடிதான் உங்கள் அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கதைகள் தாமாக வந்து விழுகின்றன. 1639க்குப் பிறகு ஏறத்தாழ 30 வருடம் டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. சம்பளம் இல்லை, மருந்து இல்லை, ஊரிலிருந்து கடிதம் இல்லை. உங்கள் திருகோணமலையிலும் அதுதானே நடந்திருக்கும்? அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு யார் சோறு போட்டது? கடனுக்கு அரிசி கொடுத்த கொட்டியாரத்து வியாபாரி எத்தனை வருடம் பொறுத்தார், பிறகு எதை எழுதி வாங்கினார்? உங்கள் நான்கு கதைகளிலும் டேனியர் பெரிய சேனையோடு, பளபளக்கும் சட்டையோடு நடமாடுகிறார்கள். கிழிந்த சட்டையோடு, ஊராரின் தயவில் வாழும் டேனியர்தான் உண்மைக்குக் கிட்ட இருப்பவர். கதைக்கும் அவர்தான் நல்லவர்.

இன்னொன்று அச்சு. சீகன்பால்கு என்ற யேர்மன் மதபோதகர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. உங்கள் உலகத்தில் அந்த அச்சுக்கூடம் கொட்டியாரக் குடாக் கரையில் வந்திருக்கலாம். அப்படியென்றால் 1720 அளவில் திருகோணமலையில் அச்சடித்த தமிழ்க் கடதாசி கை மாறிக் கை மாறிப் போகிறது. உங்கள் கட்டுரைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான்காவது கதை தடுமாறுவதும் இந்த அளவுகோலை மறந்ததால்தான். அதை 1942இல் வைத்து, ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் வந்து சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் குண்டு போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குதங்களைக் கட்டியவர்கள் பிரித்தானியர், தங்கள் கடற்படைக்காக. உங்கள் உலகத்தில் பிரித்தானியர் இங்கே எப்போது வந்தார்கள்? வராவிட்டால் குதமும் இல்லை, குண்டும் இல்லை. வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது: நெப்போலியன் காலத்துப் போரில், 1808இல், பிரித்தானியர் தரங்கம்பாடியைப் பிடித்து ஏழு வருடம் வைத்திருந்தார்கள். அதேபோல இதையும் பிடித்துத் திருப்பிக் கொடுக்காமல் விட்டார்கள் என்று ஒரு வரி எழுதினால் கதை நிற்கும். ஆனால் என் எண்ணம் வேறு. 300 வருடத்தில் எல்லாமே மாறிப்போயிருக்கும். அதற்குப் பிறகும் அதே தேதி அதே நாட்டுக்காரர் வருகிறார்கள் என்றால் உங்கள் மாற்றத்துக்குப் பலமே இல்லை என்றாகிவிடும். வரலாறு பிரிந்த இடத்திலிருந்து நூறு வருடத்துக்குள் நில்லுங்கள். அங்கேதான் ஒவ்வொரு விளைவையும் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இனி, "பாடம் மாதிரி" என்ற குறைக்கு வருவோம். முதற்கதை இப்படித் தொடங்குகிறது: "போர்த்துக்கேயர் தோற்றோடியதால் கோணேசர் கோவிலின் கோபுரங்கள் வானளாவ நின்றன. டேனியரின் நிர்வாகத்தில் துறைமுகம் செழித்தது. செல்லாச்சி மீன் விற்கப் போனாள்." செல்லாச்சிக்குப் போர்த்துக்கேயர் தோற்றது தெரியாது, அவள் பிறக்கும் முன் நடந்தது. கோபுரம் நிற்பதில் அவளுக்கு அதிசயமும் இல்லை. என்றைக்கும் அது அங்கே நின்றதுதான். அதிசயம் எங்களுக்கு. அதை அவள் தலையில் ஏற்றிவிட்டீர்கள். நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"கோபுரத்து நிழல் சுங்கப் படிக்கட்டைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. செல்லாச்சி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். நிழல் கடைசிப் படியைவிட்டால் கொந்தோர்க்காரன் கொப்பியை மூடிவிடுவான், பிறகு நாளைக்குத்தான். நெத்தலி நாளைக்கு நிற்காது."

கோபுரம் நிற்கிறது, அன்னியன் ஒருவன் கணக்கெழுதுகிறான், அவன் நேரத்தைக் கோபுரத்து நிழலை வைத்துத்தான் பார்க்கிறான். இவ்வளவும் வந்துவிட்டது, விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் "கொந்தோர்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? எங்கள் அப்பு ஆச்சி காலத்தில் அலுவலகத்தைக் கந்தோர் என்றார்கள், இப்போதும் சிலர் சொல்வார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். உங்கள் உலகத்தில் ஒல்லாந்தர் இங்கே ஆளவில்லை. டேனிய மொழியில் அது "கொன்தோர்". எங்கள் வாயில் அது கொந்தோர் ஆகியிருக்கும் என்று நினைத்து எழுதினேன். நீங்கள் உங்கள் கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு கதிரை, யன்னல், அலுமாரி, பாண், தோம்பு (காணிப் பதிவேடு) என்று சொல் சொல்லாகப் பாருங்கள். எல்லாம் பறங்கியரோடு, அதாவது போர்த்துக்கேயரோடு, வந்து எங்கள் வீட்டுக்குள் குடியேறிய சொற்கள். 1619இலேயே யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விட்டதால் சில சொற்கள் அங்கிருந்து தோணி ஏறி வந்திருக்கலாம், சில வந்திருக்கமாட்டா. பாணுக்கு உங்கள் செல்லாச்சி என்ன பெயர் சொல்வாள்? இந்த ஒரு வேலைக்கு ஒரு மாதம் ஒதுக்கினாலும் தகும். தமிழில் மாற்று வரலாறு எழுதுகிறவருக்குக் கிடைக்கிற அருமையான கருவி இது.

கட்டுரைகளைப் பற்றி. மூன்றையும் நீங்கள், அதாவது இன்றைய உப்புவெளி ஆசிரியை, வெளியே நின்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் முன்னுரை மாதிரி இருக்கிறது. அந்த உலகத்துக்குள் இருக்கிற ஒருவர் எழுதட்டும். அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கட்டும்: கடன் திரும்ப வேண்டும், வழக்கில் வெல்ல வேண்டும், மகளுக்கு வேலை வேண்டும். மேலே சொன்ன அச்சுக்கூடம் இப்போது உதவிக்கு வருகிறது. துண்டுப்பிரசுரம், முறைப்பாடு, விண்ணப்பம் எல்லாம் அச்சில் வரலாம்.

ஒரு உதாரணம். போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டைக்கு இன்று பிரெட்றிக் கோட்டை என்று பெயர்; அதன் வாசலுக்கு ஒரு காலையில் போய் நின்று பாருங்கள். மான்கள் மர நிழலில் படுத்திருக்கும். வாசற் கல்லில் இரட்டை மீனும் தேய்ந்துபோன எழுத்தும் இருக்கின்றன. அந்த எழுத்தோடு சேர்த்து ஊர் சொல்லும் பாட்டு உங்களுக்குத் தெரியும்: முன்னே குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஆள்வார்கள் என்று அது போகிறது. உங்கள் உலகத்தில் இந்தக் கல் கோட்டைக்குப் போகவில்லை. கோவிற் சுவரிலேயே இருக்கிறது. பறங்கி வந்து பிரிக்கவும் இல்லை. அப்படியானால், நூறு வருடமாக ஊர் ஒரு கெட்ட வாக்கு பலிப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது! கல்லைச் சுண்ணாம்பு பூசி மறைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதுகிறார், யாத்திரிகர் பயந்து வருவதில்லையாம். வேண்டாம் என்று கோவிற் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். பயந்துதான் காணிக்கை போடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதை எழுதமாட்டார். இந்த இரண்டு கடதாசியும் போதும். அந்த உலகத்தின் பணம், பக்தி, அன்னியர் மேலுள்ள அச்சம் எல்லாம் வாசகருக்குத் தெரிந்துவிடும். உங்கள் மூன்று கட்டுரைகளும் தேவைப்படாது.

பூதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றை வெளியூர் மந்திரக் கதைகளிலிருந்து எடுக்காமல் கந்தளாய்க் கதையிலிருந்து எடுத்ததற்கு நன்றி. ஆனால் அவை கேட்டதையெல்லாம் செய்கின்றன. வேலை செய்கிற எதற்கும் கூலி உண்டு. பூதத்தின் கூலி என்ன, அதை யார் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் என்ன என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவது கதையில் பூதம் கோபித்துக் கந்தளாய் அணையை உடைப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். 1986 ஏப்ரலில் அந்த அணை உண்மையாகவே உடைந்து உயிர்கள் போயின. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோவிலைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்கும் விளங்குகிறது. இடிபட்ட கோவில் நிற்பதாக எழுதுவது யாரையும் நோகச் செய்யாது. சம்பந்தர் பாடிய கோணமாமலையை அந்தக் கோலத்தில் மனதில் காண ஆசைப்படாதவர் இந்த ஊரில் குறைவு. கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் உலகத்தில் கோவில் நின்றதும் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடுகிறது. கோவில் நின்றால் கோவிற் கடமையும் நிற்கும். கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலைப் படித்தால் தானத்தார், வரிப்பத்தார் என்று குடி குடியாகத் தொழும்பு வகுத்திருப்பது தெரியும். அந்தத் தொழும்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால், அதில் பிறந்த ஒரு பெண் கப்பலேறிப் போக ஆசைப்பட்டால்? டேனியரையும் இரட்சகராக்க வேண்டாம். மேற்கிந்தியத் தீவுகளில் 1848 வரை அடிமைகளை வைத்திருந்த நாடு அது. ஏழு ஆக்கங்களில் ஒன்றிலாவது மூதூர், கிண்ணியா முஸ்லிம் ஒருவரோ, சிங்களவர் ஒருவரோ, கரையோர வேடர் ஒருவரோ பெயரோடு வரவில்லை. அதுதான் நோகும். அவர்கள் இல்லாத திருகோணமலையை எந்த மாற்று வரலாறும் உண்டாக்காது.

அடுக்கும் முறைக்கு என் யோசனை இது. 1942 கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கப்பல் வராத முப்பது வருடத்தைப் பற்றி ஒரு புதுக்கதை எழுதி அதை முதலில் போடுங்கள். கடன் கொடுத்த கொட்டியாரத்து வியாபாரியின் விண்ணப்பம் அடுத்து வரட்டும், பிறகு செல்லாச்சி, பிறகு கல்லைப் பற்றிய இரண்டு கடதாசிகள். கடைசியில் சேர்த்திருக்கும் நான்கு பக்க அருஞ்சொல் விளக்கத்தையும் எடுத்துவிடுங்கள். கொந்தோர் என்றால் என்னவென்று செல்லாச்சி ஓடுகிற ஓட்டத்திலேயே விளங்கிவிடும்.